சிவப்புத் துணி கட்டிய கேன்

மதினி,

இன்று காலையில் கேனைத் தூக்கும்போது, அதன் பிடியில் நீங்கள் கட்டிவிட்ட சிவப்புத் துணி இற்றுப்போய் என் கையோடு வந்துவிட்டது. வெயிலிலும் மழையிலும் கிடந்த துணி இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது. ஆனாலும் அந்தக் கந்தலை வீச மனம் வராமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அடுப்பில் உண்ணி இலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் காரவாடை மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. வாடையால்தான் என்று நம் பேத்தியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

எழுத்து தெரியாத உங்களுக்குப் போய்க் கடிதம் எழுதுகிறேன். இருந்திருந்தால், "அஞ்சாம் வகுப்பு ஆரம்பிச்சிருச்சு" என்று சிரித்திருப்பீர்கள். ஆமாம், அஞ்சாம் வகுப்புதான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் என் வயதுப் பெண்களில் அவ்வளவு தூரம் போனவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்ல எனக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை. தபால்காரர் கொண்டுவரும் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, மாத்திரைப் பெட்டியில் உள்ள எழுத்து எல்லாவற்றையும் லயத்துக்கே படித்துச் சொன்னவள் நான். அந்தப் பெருமைதான் நம்மைக் குழியில் தள்ளியது என்பதும் உங்களுக்குத் தெரியும். அதை ஒரு நாளாவது சொல்லிக் காட்டினீர்களா? இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

உங்கள் மகனுக்கு என் மகளைக் கொடுத்தபோது நீங்கள் டயகமப் பக்கம் இருந்தீர்கள். உங்கள் வீட்டுக்கார அண்ணன் காலமான பிறகு மகனோடு இருக்க, பள்ளத்தில் இருக்கும் எங்கள் பணிய லயத்துக்கே வந்துவிட்டீர்கள். உங்கள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ஒரே லயத்தில் இரண்டு சம்பந்தி இருந்தால் கூரைத் தகரம் நிற்காது என்று எல்லாரும் சிரித்தார்கள். ரசத்துக்கு எத்தனை மிளகு என்பதில் தொடங்கி, பேத்திக்குத் தொட்டில் எந்த விட்டத்தில் கட்டுவது என்பது வரைக்கும் சண்டை போட்டோம். தகரம் மட்டும் பறக்கவில்லை.

சண்டை இல்லாத இடம் பீலிதான். மலையில் ஊறுகிற தண்ணீர் தகரக் குழாய் வழியாக விழும் அந்த இடத்தில் விடியற்காலையில் இரண்டு பேரும் வாளியோடு நிற்போம். பதினெட்டுக் குடும்பத்துக்கும் அந்தத் தண்ணீர்தான். எட்டு மாதப் பிள்ளையாக இருந்த நம் பேத்திக்குக் கொதிக்க வைத்துக் கொடுத்ததும் அதுதான், குளிக்க வார்த்ததும் அதுதான்.

அந்த வருஷம் பீலிக்கு மேலே இருக்கிற கரை காடாகிவிட்டது. மானாப்புல் ஆள் உயரம். முந்திய வருஷம் ஆட்கள் வந்து சொரண்டியால் புல்லைச் செதுக்கினார்கள். அடுத்த மழையில் கரை மண் கரைந்து, ஒரு வாரம் பீலியில் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் விழுந்தது. அதனால் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. புதருக்குள் குளவி கூடு கட்டியது. ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருந்த பொன்னம்மா அக்காவை அது கொட்டி, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மறுநாளே தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து நின்றார். முன்பு அரசாங்கம் தடை செய்து வைத்திருந்த, புல்லைக் கொல்லும் மருந்து தோட்டத்து ஸ்டோருக்குத் திரும்பி வந்திருந்த நேரம் அது.

"மருந்து அடிச்சிற வேண்டியதுதான்" என்றார்.

அண்ணன் இருபது வருஷத்துக்கு மேல் அந்த மருந்து டாங்கியை முதுகில் சுமந்தவர். அவர் சட்டையைத் துவைத்துத் துவைத்து அந்த வாடை உங்களுக்கு அத்துப்படி. நீங்கள்தான் முன்னால் போனீர்கள்.

"ஐயா, மேல அடிச்சா கீழ வரும். எது லயம், எது மலைன்னு தண்ணிக்குத் தெரியுமா?"

"அப்ப என்னா செய்யச் சொல்றீங்க? குளவியக் கூப்பிட்டுப் பேசவா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. "நாங்களே பாத்துக்கிறோம் ஐயா. செடி கொடியிலயே மருந்து காய்ச்சுவோம். ஒரு மாசம் தாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு மாசம். அதுக்குள்ள கரை சுத்தமாகலைன்னா ஸ்டோர் மருந்துதான்."

அவர் போனதும் நீங்கள் என் முந்தானையை இழுத்தீர்கள். "என்னா மருந்து மதினி காய்ச்சப் போறீங்க?"

"அது ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றேன்.

நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். ஆனால் அன்று சாயங்காலமே நிலத்தைப் பார்த்தபடி நடக்க ஆரம்பித்துவிட்டீர்கள். மூன்று நாள் நடந்தீர்கள். காட்டுச் சூரியகாந்திப் புதருக்கு அடியில் குனிந்து பார்ப்பீர்கள். உண்ணிச் செடிக்கு அடியில் பார்ப்பீர்கள். ரோட்டோரத்து டர்பண்டைன் என்கிற யூக்கலிப்டஸ் மரத்தடியில் சருகை விலக்கிப் பார்ப்பீர்கள். ஏதாவது தொலைந்துவிட்டதா என்று ஆட்கள் கேட்டார்கள். மூன்றாம் நாள் என்னிடம் வந்து சொன்னீர்கள்: "எதுக்குக் கீழ புல்லு மொளைக்கலையோ, அதுக்கிட்டதான் மதினி புல்லுக்கு ஆகாதது இருக்கு."

எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை.

மூன்று இலையையும் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து நறுக்கினோம். பழைய எண்ணெய்த் தகரத்தில் காய்ச்சி, மூன்று நாள் ஊற வைத்து, கிழிந்த சேலையில் வடித்தோம். புளிப்புச் சேர்ந்தால் இலை கருகும் என்று நீங்கள் தேங்காய் வினாகிரி ஊற்றினீர்கள். ஒட்டுவதற்குக் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்தோம். பொன்னம்மா அக்கா உப்பு அள்ளிப் போடச் சொன்னார். "உப்புப் போட்டா புல்லோட மண்ணும் செத்துரும்" என்று தடுத்துவிட்டீர்கள். எல்லாம் உங்கள் யோசனை. என் பங்கு அடுப்பு ஊதியதும், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொன்னதும்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. கரையில் தெளிக்க வாளியும் விளக்குமாறும் போதும் என்றீர்கள். எனக்குத்தான் போதவில்லை. மாப்பிள்ளையும் அவர் அப்பாவைப் போல மருந்தடிக்கிற வேலைக்காரர். முதல்நாள் மழை வந்து வேலையை நிறுத்தியதால் டாங்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் திண்ணை இஸ்தோப்பு மூலையில் வைத்திருந்தார். அவர் ஹட்டனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதை எடுத்தேன். அடியில் நாலு விரல் தண்ணீர் கிடந்தது. கழுவுவதற்காக ஊற வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் கொட்டினேன்; மீதியின் மேலேயே நம் இலைச் சாற்றை ஊற்றினேன்.

"கழுவுனீங்களா மதினி?" என்று நீங்கள் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

"அஞ்சாம் வகுப்பு படிச்சவளுக்கு டாங்கி கழுவத் தெரியாதா?" என்றேன்.

நீங்கள் விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டீர்கள்.

தெளித்து ஒரு வாரத்தில் கரை மஞ்சளாக மாறியது. பத்தாம் நாள் மானாப்புல் மொத்தமாகச் சாய்ந்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை. வலப்பனையில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் சொன்னேன். கண்டாக்கு ஐயா வந்து பார்த்து, "பரவாயில்லயே, பெரிய தொரைகிட்டச் சொல்றேன்" என்றார். அன்றைக்கு நான் நடந்த நடையை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. நீங்கள் மட்டும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பொறாமை என்று நினைத்தேன், மதினி. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் நாள் காலையில் என்னைக் கரைக்குக் கூட்டிப்போய் ஒரு மானாத் தூரை இழுத்தீர்கள். வேரோடு கையில் வந்தது.

"எலச் சாறுன்னா மேல கருகும், அடி பச்சையா நிக்கும். அதுவும் ஒரு நாள்லயே கருகிரும். இது மெதுவா மஞ்சளாகி வேரோட செத்திருக்கு. இந்தச் சாவ நான் இருபது வருசம் பாத்தவ. இது நம்ம மருந்து இல்ல மதினி."

டாங்கியின் அடியில் கிடந்த நாலு விரல் தண்ணீர் எனக்கு நினைவு வந்தது. மாப்பிள்ளையிடம் போய்க் கேட்டோம். "ஐயோ அத்தே, அதுல கலந்த மருந்துல்ல மிச்சம் இருந்துச்சு! மழையில அடிக்க ஏலாம அப்படியே கொண்டாந்தேன்."

எந்தத் தண்ணீரைக் காப்பாற்றப் போனோமோ அதன் தலைமாட்டிலேயே நானே தெளித்திருக்கிறேன். பத்து நாளாகப் பிள்ளை அதைத்தான் குடித்திருக்கிறது.

அப்போது நான் சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். "யாருக்கும் தெரிய வேணாம் மதினி. நம்ம வீட்டுக்கு மட்டும் மேட்டு லயத்துப் பீலியில தண்ணி எடுத்துக்குவோம்" என்றேன். ஊரெல்லாம் பீற்றிய வாய். அதைத் திறந்து தப்பு என்று சொல்லப் பயம். சொன்னால் ஐயா மறுநாளே ஸ்டோர் மருந்தை அனுப்பிவிடுவார் என்று ஒரு சாக்கும் வைத்திருந்தேன்.

நீங்கள் ஏசவில்லை. பேத்தியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "நம்ம புள்ளைக்கு மட்டும் நல்ல தண்ணியா?"

அவ்வளவுதான் கேட்டீர்கள். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பீலிக்கு நடந்தீர்கள். நான் பின்னால் வந்தேன்.

பெண்கள் வரிசையில் நின்றார்கள். நான் வரிசைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். நீங்கள் ஆரம்பித்தீர்கள். "யாரும் இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. நாங்க ஒரு தப்பு செஞ்சிட்டோம்."

டாங்கியை நீங்கள் தொடக்கூட இல்லை. இருந்தும் பழியில் பாதியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டீர்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"மதினி இல்ல. நான்தான்" என்றேன். டாங்கி, நாலு விரல் தண்ணீர், கழுவாமலே கழுவினேன் என்றது, ஒன்று விடாமல் சொன்னேன்.

ஒருத்தி நிறைந்த வாளியை அப்படியே தரையில் கொட்டினாள். "படிச்ச பொம்பளன்னு நம்புனோமே" என்றாள் இன்னொருத்தி. பொன்னம்மா அக்கா முகத்தைத் தடவிக்கொண்டு, "இதுக்கு அந்தக் குளவியே தேவலை" என்றார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

கண்டாக்கு ஐயாவிடமும் நாமே போனோம். "நான் அடிக்கக் கூடாதுன்னீங்க. நீங்களே அடிச்சிட்டீங்க! இனி என்னா பேச்சு இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. நீங்கள்தான் பதில் சொன்னீர்கள்.

"அறியாம அடிச்சதுக்கே ராத்திரி தூக்கம் இல்லங்க ஐயா. அறிஞ்சு அடிக்கலாமுங்களா?"

அவர் பேனா மூடியைத் திருகி மூடினார். அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளை இருந்தது. "தைப்பொங்கல் வரைக்கும் பாருங்க" என்றார்.

தோட்டத்து மருத்துவிச்சி மிட்வைப் மிஸ் வந்து பிள்ளைகளை எல்லாம் பார்த்தார். ஒன்றும் ஆகியிருக்கவில்லை. நன்றாக நாலு மழை பெய்து கரை கழுவப்படும் வரை வேறு தண்ணீர் எடுக்கச் சொன்னார். மேட்டு லயத்துப் பீலிக்கு எத்தனை படி என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? நூற்றுப் பன்னிரண்டு. எண்ணியவள் நான். ஏற முடியாத வயதானவர்களுக்கும் சேர்த்து நான் சுமந்தேன். கேட்காமலே நீங்களும் ஒரு வாளியோடு பின்னால் வந்தீர்கள். மேட்டு லயத்துப் பொடிசுகள், "மருந்துக் கெழவிங்க வாறாங்கோ!" என்று கத்தும். "ஒங்களுக்குக் காய்ச்சலுக்குக் குடுக்கவா, இருமலுக்குக் குடுக்கவா?" என்று நீங்கள் திருப்பிக் கத்துவீர்கள். எனக்கு மானம் போகும். உங்களுக்கு மூச்சு வாங்கும். இருந்தும் அந்த மாதம் முழுக்க ரசத்தைப் பற்றி ஒரு சண்டை கூட நாம் போடவில்லை.

மழை நின்றதும் மறுபடி காய்ச்சினோம். இந்தத் தடவை கடைத்தெருவில் தேங்காய் எண்ணெய் வந்த புதுக் கேன் ஒன்று வாங்கினோம். வெந்நீரும் சாம்பலும் போட்டு ஏழு தடவை கழுவினேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் மூக்கை விட்டு மோந்து பார்த்தீர்கள். ஏழாவது தடவைதான் தலையாட்டினீர்கள். நான் கரித்துண்டால் அதன் மேல் "இலை மருந்து" என்று பெரிதாக எழுதினேன். நீங்கள் உங்கள் சிவப்புச் சேலையில் ஒரு ஓரத்தைக் கிழித்துப் பிடியில் கட்டினீர்கள். "எழுத்து தெரியாதவளுக்கும் தெரியணுமே" என்றீர்கள். அடுத்த தூறலில் என் எழுத்து ஓடிவிட்டது. உங்கள் முடிச்சு இன்று காலை வரைக்கும் இருந்தது.

சுத்தமான கேனில் காய்ச்சிய மருந்து அப்படி ஒன்றும் பெரிய வீரன் இல்லை. நல்ல வெயில் காலையில் தெளித்தால் இளம் புல் சாயங்காலத்துக்குள் கருகும். முற்றியதை அது சட்டையே செய்யாது. அதைக் கத்தியால் அடியோடு அரிந்துவிட்டு, துளிர்க்கும்போது தெளிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, விடாமல். எனக்குச் சலித்துப்போனது. "வேர் சாகவே மாட்டேங்குதே மதினி" என்றேன். நீங்கள் கரையைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "சாகாம இருக்கட்டும். வேர் இருந்தாத்தானே மண்ணு நிக்கும்?"

அந்த மழைக்காலம் பீலியில் மண் வரவே இல்லை. பொங்கலுக்குக் கண்டாக்கு ஐயா வந்தபோது கரையில் புல் கணுக்கால் உயரம், குளவி இல்லை, தண்ணீர் கண்ணாடி. அவர் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். ஸ்டோர் மருந்து அந்தக் கரைக்கு அப்புறம் வரவே இல்லை. இப்போது ஈரமான ஓரமெல்லாம் வல்லாரை தானாகப் படர்ந்திருக்கிறது. சம்பலுக்குப் பறிக்க ஆள் போட்டி. தெளிக்கும்போது அதன் மேல் படாமல் சாக்கைப் போட்டு மூடிவிடுகிறோம்.

போன மழைக்கு நெஞ்சுச் சளியோடு உங்களை நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கி வந்தேன். நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. "பீலித் தண்ணி கொண்டாரலயா?" என்று கேட்டீர்கள். மறுநாள் காய்ச்சி ஆறவைத்து ஒரு போத்தலில் கொண்டுவந்தேன். நீங்கள் மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்த்தீர்கள். அந்த நிலையிலும்! பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழுப் போத்தலையும் குடித்தீர்கள். "போத்தலக் கழுவுனீங்களா?" என்றீர்கள். "ஏழு தடவ" என்றேன். நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் கடைசி.

இன்று மத்தியானம் இறம்பொடைப் பக்கத்திலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். அவர்கள் பீலிக்கு மேலேயும் அதே கதைதானாம். என் தங்கச்சி சொல்லி அனுப்பியிருக்கிறாள். கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பழைய ஆள் எட்டிப் பார்த்துவிட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உண்ணி எல ரெண்டு வாளி" என்று ஆரம்பித்தேன்.

நம் பேத்திக்கு இப்போது ஏழு வயது. மடியில் வந்து உட்கார்ந்து என் கன்னத்தைத் திருப்பினாள். "அம்மாயி, டாங்கிக் கதையச் சொல்லாம ஆரம்பிச்சிட்டீங்க. அப்பாயி இருந்தா ஏசுவாங்க."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். பொறாமை என்று நினைத்தது வரைக்கும் சொன்னேன். நம் வீட்டுக்கு மட்டும் நல்ல தண்ணீர் என்று கேட்டதை மட்டும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதற்கு இன்னும் தைரியம் வர வேண்டும். மூன்று பேரில் இளையவள் பேனாவை மூடிவிட்டாள். மெதுவாகச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரும் டாங்கிய வீட்டுலதாங்க வச்சிருக்காரு. அதுலயே ஊத்தலாம்னுதான் நெனச்சிருந்தேன்."

நான் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் ஓரம் கிழித்த அந்தச் சிவப்புச் சேலையை மகள் எனக்குத்தான் கொடுத்திருந்தாள். நாலு கீற்றுக் கிழித்தேன். மூன்றை அவர்கள் கையில் கொடுத்தேன். நாலாவதை நம் கேனில் பேத்தி கட்டினாள். கட்டுவதற்கு முன்னால், யாரும் சொல்லாமலே, கேனுக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தாள்.

சேலையில் இன்னும் நிறையத் துணி மிச்சம் இருக்கிறது, மதினி.